நீரும் வாயுவும்: இரு சமண நூற்பெயர்களும் சாலைக் கடைத்தெருவும்

திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவில் மளிகையும் நாட்டுமருந்துச் சரக்குமாக நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகக் கடை நடத்தி வருகிறேன். வந்தவாசிப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் தமிழ்ச் சமணக் குடும்பத்தில் பிறந்தவன். கல்லூரி வாசலை மிதித்தவனல்லன். கடையில் கூட்டம் குறைந்த பிற்பகல்களில் படித்ததுதான் என் படிப்பு. ஆகவே அன்பர்கள் இக்கட்டுரையில் பெரும் புலமையை எதிர்பார்க்க வேண்டாம். சரக்கை நிறுத்துக் கொடுத்த கை எழுதியது என்று கொண்டு படித்தால் போதும்.

இங்கே கடை வைத்த தமிழன் எந்த ஊர்க்காரனானாலும் வாடிக்கையாளருக்கு 'அண்ணாச்சி'தான். "அண்ணாச்சி, காலையில எழுந்தா முகம் ஊதிக் கெடக்கு, ஏதாச்சும் குடுங்க" என்பார் ஒருவர். "அண்ணாச்சி, ரெண்டு வாய் சாப்பிட்டா வயிறு பானை மாதிரி ஆயிடுது" என்பார் மற்றொருவர். மலையாளிகள் கால் வீக்கத்தை 'நீரு' என்றே சொல்வார்கள். இரண்டு முறையீட்டையும் நாம் 'உடம்பு ஊதிப்போச்சு' என்று ஒரே வாயால் சொல்லிவிடுகிறோம். ஆனால் இரண்டும் ஒன்றல்ல. ஒன்று தசைக்கும் தோலுக்கும் இடையே நீர் தங்குவது. மற்றது குடலில் காற்றுத் தங்குவது. இவ்விரண்டுக்கும் உரிய சரக்குகள் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே நம் இலக்கியத்தில் நூற்பெயராக ஏறி அமர்ந்திருக்கின்றன என்பது ஈண்டு நோக்கத்தக்கது.

நூற்பெயரில் மருந்து

பதினெண்கீழ்க்கணக்கில் மூன்று நூல்கள் மருந்தின் பெயர் தாங்கியவை. அவை திரிகடுகம், சிறுபஞ்சமூலம், ஏலாதி. நல்லாதனார் இயற்றிய திரிகடுகம் சுக்கு, மிளகு, திப்பிலி என்னும் மூன்றன் பெயர் பெற்றது. மற்ற இரண்டும் சமணப் புலவர் இருவர் செய்தவை. சிறுபஞ்சமூலத்தைக் காரியாசானும், ஏலாதியைக் கணிமேதாவியாரும் இயற்றினர். இருவரும் மாக்காயனார் என்ற ஒரே ஆசிரியரிடம் பாடம் கேட்டவர்கள் என்பது வழிவழி வரும் செய்தி. மருந்தில் எத்தனை சரக்கோ பாட்டில் அத்தனை அறம் என்பது இந்நூல்களின் அமைப்பு.

அறநூலுக்கு மருந்தின் பெயர் வைக்கத் தோன்றியது ஏன்? சமணர் போற்றும் தானம் நான்கு: உணவு, அபயம், மருந்து, சாத்திரம். மருந்து கொடுப்பதையும் நூல் கொடுப்பதையும் ஒரே வரிசையில் வைத்த மரபு இது. அந்த மரபில் வந்தவர் இரண்டையும் ஒன்றாக்கி நூலுக்கே மருந்தின் பெயர் வைத்ததில் வியப்பில்லை. ஒரு சந்தேகம் மட்டும் சிறுவயதில் எனக்கு இருந்தது. கிழங்கும் வேரும் ஒதுக்கும் வழக்கமுள்ள குடியில் வந்த காரியாசான் ஐந்து வேர்களின் பெயரையா வைப்பார்? என் தந்தையைக் கேட்டேன். "அது சாப்பாட்டுக் கணக்கு, இது நோய்க் கணக்கு. ரெண்டையும் கலக்காதே" என்றார். அந்தப் பதிலின் அருமை எனக்குப் பின்னால்தான் புரிந்தது.

வாயுவுக்கு ஏலாதி

ஏலாதியில் ஏலம் 1 பங்கு, இலவங்கப்பட்டை 2, சிறுநாவற்பூ 3, மிளகு 4, திப்பிலி 5, சுக்கு 6. ஆக 21 பங்கு. பட்டியலைப் பார்த்தாலே இது வயிற்றைச் சேர்ந்த சரக்கு என்று மளிகைக் கடைக்காரன் எவனும் சொல்லிவிடுவான். இதில் இன்னொரு செய்தி நம் போன்ற வெளிமாநிலத் தமிழருக்கு மகிழ்ச்சி தரும். ஏலம், மிளகு, திப்பிலி, சுக்கு ஆகிய நான்கும் சேரநாட்டு மலைச்சரக்கு. திருவிதாங்கூர்த் திவானாக இருந்த ராஜா கேசவதாஸ் 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் சாலைக் கடைத்தெருவை அமைத்தார். அதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே இந்த மலைச்சரக்கு தமிழ் நூலொன்றின் தலைப்பில் போய் அமர்ந்துவிட்டது.

இந்த ஊரில் சாப்பாட்டுக் கடையில் நுழைந்தால் வெந்நீர் வைக்கிறார்களே, சிவந்த நிறத்தில், அது பதிமுகம் போட்டுக் காய்ச்சியது. வீடுகளில் சீரகம் போட்ட 'ஜீரக வெள்ளம்', மழைக்காலத்தில் சுக்கு வெள்ளம். புதிதாக வந்த தமிழ்க் குடும்பங்கள் முதலில் முகம் சுளிக்கும். இரண்டு வருடத்தில் அவர்கள் வீட்டு அடுப்பிலும் சீரகம் கொதிக்கும்.

பயறு தின்றால் வயிறு ஏன் உப்புகிறது என்பதற்கு இன்றைய அறிவியல் தெளிவான விடை தருகிறது. கடலை, மொச்சை, காராமணி போன்றவற்றில் உள்ள சிலவகைச் சர்க்கரைகளை நம் சிறுகுடல் செரிக்க இயலாது. அவை பெருங்குடலுக்குப் போய், அங்குள்ள நுண்ணுயிர்களால் நொதித்துக் காற்றாகின்றன. நம் பாட்டிமார் பயறை இரவு முழுதும் ஊறவைத்து, அந்த நீரைக் கொட்டிவிட்டு வேறு நீரில் வேகவைத்தார்கள். அச்சர்க்கரையில் ஒரு பகுதி அந்த நீரோடு போய்விடுகிறது. இறக்கும்போது பெருங்காயம் சேர்த்தார்கள். பூண்டை ஒதுக்கும் எங்கள் வீடுகளில் அதற்கு இன்னும் மதிப்பு அதிகம். ஆப்கானிஸ்தானத்திலிருந்தும் ஈரானிலிருந்தும் வந்துகொண்டிருந்த இச்சரக்கை நம் நாட்டிலேயே வளர்க்கும் முயற்சி 2020ஆம் ஆண்டு இமாசலப் பிரதேசத்து லாஹுலில் தொடங்கியது.

மருந்தைவிட முக்கியமான ஒன்று உண்டு. பொழுது சாயுமுன் உண்டு முடிப்பது சமணர் நோன்பு. உயிர்க்கொலை அஞ்சி வந்த வழக்கம் அது. ஆனால் படுக்கும்போது வயிறு கனக்காமல் இருப்பது அதன் உபரிப் பயன். திருக்குறள் 95ஆம் அதிகாரமாகிய 'மருந்து' பெரும்பகுதியும் உணவைப் பற்றியே பேசுகிறது. முன் உண்டது செரித்ததை அறிந்து உண்பவனுக்கு மருந்தே வேண்டாம் என்பது அதன் கருத்து. இரவு பத்து மணிக்குப் புரோட்டா தின்றுவிட்டு என்னிடம் ஓமம் கேட்கும் தம்பிகளுக்கு நான் இதைச் சொல்வதுண்டு. சிரித்துவிட்டு ஓமத்தை வாங்கிப் போவார்கள்.

நீருக்கு நெருஞ்சி

சிறுபஞ்சமூலம் என்பது கண்டங்கத்திரி, சிறுவழுதுணை, சிறுமல்லி, பெருமல்லி, நெருஞ்சி ஆகியவற்றின் வேர். இவற்றுள் நெருஞ்சி சிறுநீரைப் பெருக்கும் சரக்காகச் சித்த மருத்துவத்திலும் ஆயுர்வேதத்திலும் வழங்குவது. அதனோடு நிற்பவை நீர்முள்ளியும் மூக்கிரட்டையும். தெருவோரத்தில் காலில் குத்தும் முள், வயல் வரப்பில் நிற்கும் முட்செடி, சுவரோரம் படரும் கொடி என்று மூன்றும் காசு கொடுக்காமல் கிடைப்பவை. வாழைத்தண்டு, வெள்ளரி, சுரைக்காய், பார்லிக் கஞ்சி ஆகியவை சமையலறைப் பக்கத்து உறவினர்.

இங்கே நம் பெண்களுக்கு வரும் இடர்ப்பாடு பெயர். மூக்கிரட்டை என்று கேட்டால் இங்குள்ள மலையாளிக் கடைக்காரர் விழிப்பார். அதன் பெயர் இங்கே தழுதாமை. நீர்முள்ளி இங்கே வயல்சுள்ளி. நெருஞ்சில் மட்டும் ஞெரிஞ்ஞில் என்று கொஞ்சம் மூக்கால் பேசும். வடமொழியில் மூக்கிரட்டை புனர்நவா, அதாவது மீண்டும் புதிதாவது. கர்க்கடக மாதத்தில் இவ்வூர் வீடுகளில் பத்து வகை இலை சேர்த்துச் செய்யும் பத்திலைத் தோரனில் தழுதாமை இலை பல வீடுகளில் இடம்பெறும். பட்டியல் வீட்டுக்கு வீடு மாறும்.

கொச்சியின் டச்சு ஆளுநர் வான் ரீட் தொகுப்பித்து, 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் 12 தொகுதிகளாக வெளிவந்த 'ஹோர்த்துஸ் மலபாரிக்குஸ்' என்னும் இலத்தீன் நூலில் தழுதாமையும் வயல்சுள்ளியும் தம் மலையாளப் பெயரோடேயே படத்துடன் உள்ளன. செடிகளின் குணம் சொன்னவர்களில் முதன்மையானவர் சேர்த்தலைப் பகுதி இட்டி அச்சுதன் வைத்தியர். அந்நூலைப் பேராசிரியர் கே.எஸ்.மணிலால் பல்லாண்டு உழைத்து ஆங்கிலமாக்க, 2003இல் கேரளப் பல்கலைக்கழகம் இதே திருவனந்தபுரத்தில் வெளியிட்டது. பின்னர் 1753இல் லின்னேயஸ் இச்செடிக்கு இட்ட பெயர் 'போயர்ஹாவியா டிஃபூசா'. லைடன் நகர மருத்துவர் போயர்ஹாவேயின் நினைவாக வந்த பெயர். நம் வீட்டுச் சுவரோரக் கொடிக்கு டச்சுக்காரர் பெயர்!

இவ்வளவும் எனக்குத் தெரியும். செடி தெரியும், நான்கு மொழிப் பெயர் தெரியும், நூல் தெரியும். அந்த அறிவோடு நான் செய்த பிழையை இனிச் சொல்ல வேண்டும். இக்கட்டுரை எழுத ஒப்புக்கொண்டதே அதற்காகத்தான்.

அக்காவின் கால்

1999ஆம் ஆண்டு கோடையில் ஊரிலிருந்து என் மூத்த அக்கா வந்தார். சிதறால் மலையைப் பார்க்க வேண்டும் என்பது அவர் நெடுநாள் ஆசை. நம் ஊரிலிருந்து ஒரு பகல் பயணத்தில் போய்வரக்கூடிய பழைய சமணத் தலம் அது. திருச்சாரணத்துமலை என்பது பழம்பெயர். குணந்தாங்கிக் குரத்திகள் என்ற பெண் துறவி அளித்த கொடையைச் சொல்லும் ஆய் மன்னன் விக்கிரமாதித்த வரகுணன் காலத்துக் கல்வெட்டு அங்கே உண்டு. அந்தக் குரத்திகளின் பெயரை அக்கா பார்க்க விரும்பினார். பாதி மலையில் உட்கார்ந்துவிட்டார். மூச்சு வாங்கியது. செருப்பு வார் பாதத்தில் பதிந்து கிடந்தது. விரலால் அழுத்தினேன், குழி விழுந்து, மேலெழ நேரமாயிற்று.

"நீர் கோத்திருக்கு அக்கா, என் கடையிலயே மருந்து இருக்கு" என்றேன். பெருமையாகவே சொன்னேன். நெருஞ்சிலும் நீர்முள்ளியும் இடித்துப் போட்டுக் குடிநீர் காய்ச்சி இரு வேளை கொடுத்தேன். தினம் ஒரு இளநீர், வாரம் மூன்று நாள் வாழைத்தண்டு. இரண்டு வாரத்தில் வீக்கம் வடிந்தது. "இறங்கிடுச்சிடா தம்பி" என்று காலை நீட்டிக் காட்டினார். எனக்கு உச்சி குளிர்ந்தது. பிறகு ஏறியது, சரக்கைக் கூட்டினேன். மூன்றாம் மாதம் முகம் வீங்கி, படுத்தால் மூச்சு முட்டியது. அப்போதுதான் மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம்.

சிறுநீரில் புரதம் மிகுதியாகப் போயிருந்தது. பல ஆண்டுகளாக யாரும் பார்க்காத சர்க்கரை நோய். சிறுநீரகம் இரண்டும் பெரும்பகுதி பழுது. இரத்தத்தில் பொட்டாசியம் ஏறியிருந்தது. சிறுநீரகம் கெட்டவருக்கு இளநீரும் வாழைத்தண்டும் இம்மூலிகைக் குடிநீரும் பொட்டாசியத்தைக் கூட்டும், அது இதயத்தையே நிறுத்திவிடக்கூடும் என்று டாக்டர் விளக்கினார். கடைசியில் ஒன்று கேட்டார்: "சிறுநீர் நுரைச்சுப் போறதை யாரும் கவனிக்கலையா?"

என் மனைவி தலை குனிந்தாள். வந்த முதல் வாரத்திலேயே அக்கா அவளிடம் சொல்லியிருக்கிறார், சோப்புத் தண்ணி மாதிரி நுரைக்குது என்று. பெண்கள் பேச்சு என்று அது என் காதுக்கு வரவேயில்லை. வந்திருந்தால் நான் என்ன செய்திருப்பேன் என்றும் தெரியவில்லை. இன்னும் ஒரு பிடி நெருஞ்சிலைச் சேர்த்திருப்பேன். அக்கா 2001இல் காலமானார். முன்பே பார்த்திருந்தால் எத்தனை ஆண்டு கூடியிருக்கும் என்று டாக்டர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

வீக்கம் நோயல்ல, அறிகுறி

அதன்பின் என் படிப்பின் திசை மாறியது. நீர்வீக்கத்தின் வரலாற்றைத் தேடிப் படித்தேன். இங்கிலாந்திலும் இரு நூற்றாண்டுக்கு முன் வீக்கத்தையே நோய் என்று கருதினார்கள். வில்லியம் விதரிங் என்ற மருத்துவர், ஷ்ராப்ஷைர் நாட்டுக் கிழவி ஒருத்தி வீக்கத்துக்குக் கொடுத்துவந்த குடும்ப மருந்தை ஆராய்ந்தார். இருபதுக்கும் மேற்பட்ட பச்சிலைகளில் வேலை செய்தது டிஜிட்டாலிஸ் என்ற ஒரே செடி என்று கண்டு 1785இல் நூல் எழுதினார். அது சிறுநீரைப் பெருக்கியதால் வீக்கம் வடிந்தது என்றே கருதப்பட்டது. உண்மையில் அது தளர்ந்த இதயத்துக்கு வலுவூட்டியது. இதயம் தேறவே நீர் வடிந்தது. ஆகவேதான் அக்கிழவியின் மருந்து சிலருக்குப் பலித்தது, சிலருக்குப் பலிக்கவில்லை.

பலிக்காதவர்களில் ஒரு பகுதியினரின் கதையை லண்டன் கய்ஸ் மருத்துவமனை ரிச்சர்ட் பிரைட் 1827இல் விளக்கினார். அவர் கையாண்ட முறை எளியது: நோயாளியின் சிறுநீரை ஒரு கரண்டியில் எடுத்து மெழுகுவர்த்திச் சுடரில் காட்டுவது. புரதம் இருந்தால் முட்டை வெள்ளைபோல் திரளும். அப்படித் திரண்டவர்கள் இறந்தபின் அறுத்துப் பார்த்தால் சிறுநீரகம் கெட்டிருந்தது. ஒரு கரண்டி, ஒரு மெழுகுவர்த்தி! இரண்டும் என் வீட்டிலும் இருந்தன.

நம் திருவிதாங்கூரிலேயே மூன்றாவது சான்று உண்டு. ஐரோப்பியர் யானைக்கால் நோயைக் 'கொச்சிக் கால்' என்றே அழைத்தனர். இட்டி அச்சுதன் பிறந்த சேர்த்தலைப் பகுதிதான் அதன் கொடிய இருப்பிடம். எத்தனை மூலிகை அறிந்த மண்! ஆயினும் அந்த வீக்கத்தின் மூலம் வேறெங்கோ இருந்தது. ஆகாயத்தாமரை எனும் மிதவைச் செடியின் வேரைத் துளைத்து மூச்சுவிடும் ஒருவகைக் கொசுப்புழு, அக்கொசு பரப்பும் நுண்புழு. எம்.ஓ.டி. ஐயங்கார் 1938இல் வெளியிட்ட திருவிதாங்கூர் யானைக்கால் ஆய்வு இவ்வகையில் பெரிதும் பேசப்படுவது. குளத்துச் செடியை அகற்றுவதே அங்கே மருந்தாயிற்று.

நம் நூல்களின் முறை

இதைப் படிப்பவர், அப்படியானால் நம் மருத்துவம் பொய்யா என்று கேட்கலாம். இல்லை. நான் தவறவிட்டது மேல்நாட்டு அறிவை மட்டுமல்ல, நம்முடையதையும்தான். தேரையர் பெயரால் வழங்கும் நீர்க்குறி, சிறுநீரில் ஐந்தைப் பார்க்கச் சொல்கிறது: நிறம், எடை, மணம், நுரை, எஞ்சல். நான்காவது நுரை! அந்தப் புத்தகம் என் கடை அலமாரியில் இருந்தது. சித்த மருத்துவத்தின் எண்வகைத் தேர்வில் நா, நிறம், மொழி, விழி, மலம், மூத்திரம், நாடி, பரிசம் எல்லாம் பார்த்தபின்தான் மருந்து. கேரள வைத்தியர்கள் போற்றும் அஷ்டாங்க ஹிருதயத்தில் நோய்க்காரணம் சொல்ல நிதானஸ்தானம் என்று 16 அத்தியாயங்கள் தனியே உண்டு. சோபை எனும் வீக்கம் பாண்டுவோடு சேர்த்து அங்கே ஆராயப்படுகிறது. குறளின் மருந்ததிகாரமும் நோய் இன்னது, அதன் முதல் இன்னது என்று கண்டபின்பே தணிக்கும் வழிக்கு வருகிறது.

நூல்கள் இரண்டு பகுதியாக எழுதியதில் நாம் ஒரு பகுதியை மட்டும் எடுத்துக்கொண்டோம். சரக்குப் பெயர் வீட்டுக்கு வீடு பரவியது. சோதனை வைத்தியரோடு நின்றுவிட்டது. 'இது சாப்பாட்டுக் கணக்கு, அது நோய்க் கணக்கு' என்று தந்தை சொன்னதை நான் கலக்கிவிட்டேன்.

கடையில் இன்று

இப்போதும் நெருஞ்சில் விற்கிறேன். ஆனால் கேள்வி கேட்காமல் நிறுப்பதில்லை. அன்பர்கள் வீட்டிலும் இக்கேள்விகளைக் கேட்கலாம். ஒரு காலா, இரு காலுமா? ஒரு கால் மட்டும் திடீரென வீங்கி வலித்தால் இரத்தக்கட்டாக இருக்கலாம்; அன்றே டாக்டரிடம் போக வேண்டும். நடந்தால், படுத்தால் மூச்சு வாங்குகிறதா? சிறுநீர் நுரைக்கிறதா, குறைந்ததா? கர்ப்பிணியா? அப்படியானால் முகமும் கையும் வீங்குவது இரத்த அழுத்தத்தின் அபாய அடையாளம். அழுத்தத்துக்கு அம்லோடிபின் போன்ற மாத்திரை சாப்பிடுகிறீர்களா? அதுவே சிலருக்குக் காலை வீங்க வைக்கும். வயிற்று உப்புசத்திலும் ஒன்று: ஐம்பதை ஒட்டிய பெண்களுக்குப் புதிதாகத் தொடங்கி வாரக்கணக்கில் நீடித்தால் வாயு என்று விட்டுவிடக் கூடாது. சினைப்பைக் கட்டிக்கும் அது அறிகுறி.

இவை எதுவுமின்றி, நெடுநேரம் நின்றதாலோ பயணத்தாலோ மாலையில் மட்டும் கால் கனத்தால், காலை உயர்த்தி வைத்துப் படுப்பதும், நடப்பதும், உப்பைக் குறைப்பதும் போதும். உப்புக் கணக்கு வியாபாரிக்கு எளிதில் விளங்கும். ஆஸ்பத்திரியில் ஏற்றும் உப்புநீரில் லிட்டருக்கு 9 கிராம் உப்பு. உடம்பின் நீரும் ஏறத்தாழ அக்கணக்கே. வெளியேறாமல் தங்கும் 9 கிராம் உப்பு தன்னோடு ஒரு லிட்டர் நீரை நிறுத்தி வைக்கிறது. உலக சுகாதார நிறுவனம் நாளுக்கு 5 கிராமுக்குள் உப்பு என்கிறது. அப்பளம், ஊறுகாய், வடகம், மிக்சர் எல்லாம் அந்தக் கணக்கில் அடங்க வேண்டும்.

சில வாடிக்கையாளர் முணுமுணுப்பார்கள். "அண்ணாச்சி, ஐம்பது ரூபாய் சரக்குக்கு இத்தனை கேள்வியா?" என்று கேட்டுவிட்டு அடுத்த கடைக்குப் போனவர்களும் உண்டு. போகட்டும். ஒரு சிலர் சோதனைச் சீட்டோடு திரும்பி வந்து காட்டியிருக்கிறார்கள். மருந்தைத் தானமாகச் சொன்ன மரபில் வந்தவனுக்கு, மருந்தைக் கொடுக்காமல் அனுப்புவதும் சில வேளை தானத்தில் சேரும் என்று தோன்றுகிறது.

சென்ற ஆண்டு பேரப்பிள்ளைகளோடு சிதறால் மலை ஏறினேன். அக்கா உட்கார்ந்த பாறையில் சற்று நேரம் உட்கார்ந்தேன். பிறகு மேலே போய், அவர் பார்க்க முடியாத கல்வெட்டைப் பிள்ளைகளுக்குக் காட்டினேன்.